சனிக்கிழமை, கிழக்கே சூலம்

நவம்பர் 17, திங்கள். செகந்திராபாத்

விமான நிலையத்திலிருந்து நந்தகுமார் என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தான். மாப்பிள்ளை பார்க்கக் கடல் தாண்டி வந்தவளுக்கு முதல் மரியாதை, ஒன்றரை மணி நேரப் பஸ். பஸ் நன்றாகத்தான் இருந்தது. ஏசி இருந்தது, பெட்டி வைக்க இடம் இருந்தது, ஜன்னலோர இருக்கையை எனக்கே கொடுத்தான். பிரச்சினை அதில்லை. இந்த நந்தகுமார் என் மகள் ஷோபாவுக்கு அனுப்பிய படத்தில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதன்மேல் சாய்ந்துகொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தக் கார் எங்கே?

கேட்டேன். "சர்வீஸ்ல விட்டிருக்கோம் ஆன்ட்டி" என்றான், வெளியே பார்த்துக்கொண்டு.

மெட்டுகுடாவில் வீடு. கேட்டைத் திறந்ததும் இடது பக்கம் தகர ஷெட். அதற்குள் சாம்பல் நிறக் கவர் போட்டு ஒரு கார் நிற்கிறது. கவருக்குக் கீழே வெள்ளை பம்பர்! சர்வீஸில் இருக்கிற கார் எப்படி வீட்டில் நிற்கும்? அவன் அப்பா தண்டபாணியிடம் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன். ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பேட்டரி டவுன் சம்பந்தியம்மா. கைக்கு நின்னுட்டே பேசறீங்க, உக்காருங்க" என்றார். இந்த ஊரில் 'கைக்கு' என்றால் 'எதற்கு' என்று அர்த்தமாம். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, அதற்குள் சம்பந்தியம்மா.

மலேசியாவில், கிள்ளானில், இருபத்தாறு வருஷமாகக் காப்புறுதி அலுவலகத்தில் உட்கார்ந்து, விபத்துக்கு இழப்பீடு கேட்டு வரும் கோரிக்கைகளைத் துருவிக்கொண்டிருக்கிறேன். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் வந்தால் கோப்பை மூடக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சாஸ்திரம்.

ஷோபா என்னை அனுப்பும்போது சொன்னது: "நீங்க போய்ப் பாருங்கம்மா. சரின்னா சரி. வேணாம்னா வேணாம். ஆனா ஆறு நாள் அவங்க வீட்டுலயே இருந்து பாத்துட்டுச் சொல்லணும்." ஒரே மகள், இருபத்தெட்டு வயசு. சிங்கப்பூரில் ஏதோ பயிற்சிக்குப் போன இடத்தில் இவனைப் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை விமானம் ஏறுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் இளங்கோவன் வரமாட்டேன் என்றுவிட்டார். "மோப்பம் பிடிக்க ஒரு ஆளு போதும்லா" என்றார்.

நவம்பர் 18, செவ்வாய்

விடியும்போதே எழுந்துவிட்டேன். அவன் அம்மா புஷ்பா பால் வாங்கப் போயிருந்தார். ஷெட்டுக்குள் போய்க் கவரைத் தூக்கிப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கை சும்மா இருக்கவில்லை.

இடிபட்ட இடம் இல்லை. கீறல் இல்லை. புதுப் பெயின்ட் அடித்த தடம் இல்லை. டயரில் காற்று சரியாக இருக்கிறது. ஓட்டுகிறவர் இருக்கை மட்டும் முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கை முட்டுகிற மாதிரி இருந்தது. தண்டபாணி ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். மகன் ஆறடி. அவன் அங்கே உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். ஆக இந்தக் காரை அவன் ஓட்டுவதே இல்லை. பிறகு எதற்கு அதன்மேல் சாய்ந்துகொண்டு படம்?

"க்யா ஆன்ட்டி, வண்டி வாங்கப் போறீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது. மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு அடுத்த வீட்டுப் பெண் நிற்கிறாள். சபீனா. வீட்டிலேயே தையல் வேலை. சின்ன வயதிலிருந்து ரயில்வே தமிழ்க்காரர்களோடு வளர்ந்தவளாம், தமிழ் பேசுகிறாள், பாதிக்குப் பாதி உருது. எலி ஓடியது, பார்த்தேன் என்று ஏதோ உளறிவிட்டு உள்ளே வந்தேன். ஊருக்கெல்லாம் சொல்லுவாள் என்று நினைத்தேன். இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

இந்த ஊரில் மீசை முளைத்த ஒவ்வொருத்தனும் பைக்கில் போகிறான். இவன் மட்டும் மெட்ரோ ரயிலில் மாதாப்பூர் ஆபீசுக்குப் போகிறான். கறிகாய் வாங்க அப்பாவின் ஸ்கூட்டரில் போனால், அப்பா ஓட்டுகிறார், இவன் பின்னால் உட்கார்ந்து பையைப் பிடித்துக்கொள்கிறான். முப்பது வயசு ஆள்!

சாப்பிடும்போது நேராகவே கேட்டுவிட்டேன். "தம்பிக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இருந்துச்சு ஆன்ட்டி."

இருந்துச்சு. இறந்த காலம். புஷ்பா உடனே ரசம் ஊற்ற வந்துவிட்டார், நான் வேண்டாம் என்று சொன்ன பிறகும்.

குடித்துவிட்டு ஓட்டி மாட்டியிருப்பானோ? யாரையாவது இடித்துவிட்டானோ? கார் சுத்தமாக இருக்கிறது, ஆனால் வேறு காராக இருக்கலாம். எத்தனை பார்த்திருக்கிறேன். இன்னொன்று: தினமும் ராத்திரி சரியாக ஒன்பது மணிக்கு அவன் போனில் அலாரம் அடிக்கிறது. பாதிப் பேச்சில் எழுந்து உள்ளே போகிறான், இரண்டு நிமிஷத்தில் திரும்பி வருகிறான். யாரிடம் பேசுகிறான்? ஷோபாவிடம் கேட்டால், "அந்த நேரத்துல என்கிட்ட பேசலயேம்மா" என்கிறாள். அவளிடம் இல்லையென்றால் வேறு யாரிடம்?

நவம்பர் 20, வியாழன்

நாளை மறுநாள் நான் எப்படி விமான நிலையம் போவது என்று இன்று ஒரு மாநாடே நடந்தது.

தண்டபாணி: "நான் கார்ல விட்டுடறேன், பிகர் நக்கோ, கவலப்படாதீங்க." புஷ்பா: "நல்லா விட்டீங்க. கண்ணு ஆபரேஷன் பண்ணி மூணு வாரம் ஆகல, ஸ்கூட்டர் ஓட்டறதே தப்பு." ஆக, கார் நிற்பதற்குக் காரணம் சர்வீஸும் இல்லை, பேட்டரியும் இல்லை. மூன்றாவது பதில். சரி, இது உண்மை என்றே வைத்துக்கொள்வோம், கண்ணில் சொட்டு மருந்து விடுவதை நானே பார்த்தேன். அப்படியானால் மகன் ஏன் ஓட்டக் கூடாது? கேட்டேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"நானே உங்கள பஸ்ல கொண்டுபோய் விடறேன் ஆன்ட்டி. லீவு போட்டுட்டேன்" என்றான்.

வேண்டாம், போனில் வண்டி கூப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன். வாய்தான் சொன்னது. எனக்குத் தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது. வண்டி கூப்பிடக் கேட்கிற ஓடிபி ரகசிய எண் என் மலேசிய எண்ணுக்கு வந்து சேர்வதே இல்லை. அந்நிய தேசத்தில், முன்பின் தெரியாத ஓட்டுநரோடு, ஊருக்கு வெளியே அந்தப் பொட்டல் சாலையில் தனியாகவா?

ஷோபாவைக் கூப்பிட்டுப் புலம்பினேன். "பஸ்லயே போங்கம்மா, சௌகரியமா இருக்கும்லா" என்கிறாள். முக்குக் கடைக்கு ரொட்டி வாங்கக் கார் எடுக்கிறவள்! இவளுக்கு எப்போது பஸ்மேல் இவ்வளவு பாசம்?

நாளைக்குள் இந்தக் கார் விஷயம் தெளியாவிட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். காரில் பொய் சொல்கிறவர்கள் மற்றதில் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள்?

நவம்பர் 21, வெள்ளி. காலை

என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்!

ஒன்பதரைக்கு புஷ்பா வந்து, "சம்பந்தியம்மா, பெட்டிய கட்டிட்டீங்கன்னா குடுங்க, ராகு காலத்துக்கு முன்ன பரஸ்தானம் வச்சிடலாம்" என்றார். என்ன அது? நாளைக்குச் சனிக்கிழமை, கிழக்கே சூலமாம். மலேசியா கிழக்கே இருக்கிறதாம். சூலத்துக்கு எதிரே பயணம் கிளம்பக் கூடாதாம். அதனால் முதல் நாளே நல்ல நேரத்தில் பெட்டியை இன்னொரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் இன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்காம். வைத்த பெட்டி திரும்ப வீட்டுக்குள் வரக் கூடாது. நாளை போகிற வழியில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"விமான நிலையம் தெற்காலதானே இருக்கு?" என்றேன். "பிளேன் கிழக்கதானே பறக்கும்" என்றார் தண்டபாணி. அவரே தூக்கிக்கொண்டு போய்ச் சபீனா வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

எங்கள் பாட்டன்மார் கப்பலேறியபோது இதையெல்லாம் கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் போல, நான் கேள்விப்பட்டதே இல்லை. உண்மையில் வழக்கம்தானா, இல்லை பெட்டியைக் குடைய ஒரு சாக்கா? விமான நிலையத்தில் கேட்பார்கள்: பெட்டியை நீங்களே கட்டினீர்களா, உங்கள் கண்ணைவிட்டு எங்கேயாவது போனதா என்று. என்ன சொல்வேன்? உள்ளே எதையாவது போட்டு அனுப்பினால்? செய்தியில் வரவில்லையா, யாரோ கொடுத்த பொட்டலத்துக்காக ஜெயிலில் கிடக்கிறவர்கள்?

ஷோபாவுக்கு 'வேண்டாம், இந்த இடம் சரியில்லை' என்று அடித்தேன். இன்னும் அனுப்பவில்லை. பெட்டியைப் பார்த்துவிட்டு அனுப்பலாம்.

மாலை

எழுதினால்தான் மனசு அடங்கும்.

ஐந்து மணிக்குச் சபீனா வீட்டுக்குப் போனேன். கழுத்து வலிக்கு மருந்து எடுக்கணும் என்று சாக்கு. பெட்டி அவள் தையல் மெஷின் பக்கத்தில், நான் பூட்டிய பூட்டோடு, அப்படியே இருந்தது. திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதுவும் குறையவில்லை, எதுவும் கூடவில்லை. அவள் நூல் கோத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நந்து பஸ்லதான கூட்டிட்டுப் போறான் ஆன்ட்டி? அச்சா. பாவம், அவனுக்குக் கார் ஓட்ட எவ்ளோ இஷ்டம் தெரியுமா. டாக்டர்தான் ஓட்டவே கூடாது, நக்கோன்னுட்டார்."

"டாக்டரா?"

"ஹவ், ஆமா. ஃபிட்ஸ் வந்ததுலேர்ந்து." நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள், எனக்குத் தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி. "இந்த கேட்டுக்கிட்டதான் விழுந்தான். ரெண்டு வருஷம் ஆச்சு. நான்தான் ஒருக்களிச்சுப் படுக்க வச்சேன். அப்புறம் வரல, அல்லா காப்பாத்திட்டார். ஒம்போது மணியானா மாத்திரை, அலாரம் வச்சுப் போட்டுக்கறான். உங்க பொண்ணு ரொம்ப சமத்து ஆன்ட்டி. போன மாசம் வீடியோல வந்து, அட்டாக் வந்தா என்ன பண்ணணும்னு என்கிட்ட ஒவ்வொண்ணா கேட்டு எழுதிக்கிச்சு. வாயில எதுவும் வைக்கக் கூடாது, டைம் பாக்கணும், எல்லாம் சொல்லிக் குடுத்தேன்."

எழுதிக்கிட்டாளாம். என் மகள். எழுதிக்கிட்டாளாம்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து ஷோபாவைக் கூப்பிட்டேன். கத்தினேன். எல்லாரும் சேந்து என்னை முட்டாளாக்கினீங்களா? வலிப்பு இருக்கிறவனுக்கா உன்னைக் குடுக்கணும்? பெத்தவகிட்ட மறைக்கிற விஷயமா இது?

அவள் அழவில்லை. "சொல்லியிருந்தா நீங்க பிளைட்டே ஏறியிருக்க மாட்டீங்கம்மா. ஆளப் பாக்காமயே கோப்ப மூடியிருப்பீங்க. அவங்க யாரும் மறைக்கலம்மா. நான்தான் கெஞ்சிக் கேட்டு வாய அடைச்சேன். நந்தா ஒத்துக்கவே இல்ல, ரெண்டு வாரம் சண்டை. அவருக்குப் பொய் சொல்லவும் வராது."

வரவில்லைதான். ஐந்து நாளாகப் பார்க்கிறேனே, ஒரு வீட்டில் மூன்று பேர் ஒரு பொய்யைக்கூடச் சேர்ந்து சொல்லத் தெரியாமல் தவித்ததை. நான் வந்த முதல் நாளிலிருந்து யாரைச் சந்தேகப்பட வேண்டுமோ அவளை மட்டும் விட்டுவிட்டேன்.

அவள் சொன்னதில் ஒன்று உண்மை. சொல்லியிருந்தால் ஏறியிருக்க மாட்டேன். அதனால் கோபம் குறையவில்லை, இன்னும் கூடித்தான் போயிற்று.

சபீனா சொன்னதை இவர்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. நாளைக்கு அவனோடு பஸ்ஸிலேயே போகிறேன். விமான நிலையம் போய்ச் சேருவதற்குள் அவனாக வாயைத் திறக்கிறானா பார்ப்போம். திறக்காவிட்டால், ஷோபா என்ன அழுதாலும் சரி, கிடையாது.

நவம்பர் 22, சனி. விமான நிலையம், 12 மணி

கிளம்பும்போது புஷ்பா ஒரு ஸ்பூன் தயிர் கொடுத்தார், சூலத்துக்குப் பரிகாரமாம். "போயிட்டு வாங்க" என்று கேட் வரை கூடவே வந்தார். அந்த அம்மாவைப் பார்க்கவே முடியவில்லை. சபீனா வீட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் தார்நாகா, அங்கே பஸ்.

உப்பல் வரை அவன் வாயே திறக்கவில்லை. உப்பலில் நிறையப் பேர் ஏறினார்கள், ஒரு பாட்டிக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு நின்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. பக்கத்தில் இல்லாமல் தப்பிக்கப் பார்க்கிறான். எல்.பி. நகரில் அந்தப் பாட்டி இறங்கினார், மறுபடி வந்து உட்கார்ந்தான். தண்ணீர் வேணுமா ஆன்ட்டி என்றான். வேண்டாம். ஏசி அதிகமா இருக்கா என்றான். இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பாறைக் குன்றுகளும் பாதி கட்டிய வீடுகளும் போய்க்கொண்டிருந்தன. சொல்லுடா, சொல்லித் தொலையேன். மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

விமான நிலையத்தின் முதல் பெயர்ப்பலகை வந்தது.

"ஆன்ட்டி, எனக்கு எபிலெப்சி இருக்கு."

நான் திரும்பவில்லை.

"நேத்து ராத்திரி ஷோபாகிட்ட சொல்லிட்டேன், இனிமே என்னால முடியாதுன்னு. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவ சொன்னா. தெரிஞ்சும் நீங்க கேக்கல. அதனால நான்தான் சொல்லணும். சபீனா அக்கா ரெண்டு வருஷமா வரலன்னு சொல்லியிருப்பாங்க. அது தப்பு. போன மாசம் மூணாம் தேதி வந்துச்சு. ஆபீஸ் கேன்டீன்ல. டேனியல்னு ஒரு ஃப்ரெண்ட் இருந்தான், பாத்துக்கிட்டான். மாத்திரை டோஸ் கூட்டியிருக்காங்க. அம்மா அப்பாவுக்குத் தெரியாது. ஷோபாவுக்கு அன்னைக்கே சொல்லிட்டேன். இனிமே வராதுன்னு என்னால சொல்ல முடியாது ஆன்ட்டி. வரலாம்."

மடியில் இரண்டு கைகளையும் கோத்து வைத்திருந்தான். நகம் வெளுத்துப் போயிருந்தது.

இதை அவன் சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே முடியாது. நான் எத்தனை கவரைத் தூக்கினாலும், எத்தனை பெட்டியைத் திறந்தாலும். 'இரண்டு வருஷமா ஒண்ணுமில்ல ஆன்ட்டி' என்று சொல்லி என் கையெழுத்தை வாங்கியிருக்கலாம். இருபத்தாறு வருஷத்தில் தன் கோரிக்கையைத் தானே கெடுத்துக்கொண்ட ஒருத்தனை நான் பார்த்ததில்லை.

"பெட்டிய எடு தம்பி, இறங்கணும்" என்றேன். உள்ளே போகும் வாசல் வரை தள்ளிக்கொண்டு வந்தான். டிக்கெட் இல்லாதவர்களை அதற்குமேல் விடுவதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், என் வரிசை நகரும்வரை நின்றான்.

பெட்டியைக் கொடுக்கும் இடத்தில் அந்தப் பெண் கேட்டாள்: நீங்களே கட்டியதா, வேறு யார் கைக்காவது போனதா? நான் கட்டியது, தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தது என்றேன். மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கட்டும்.

ஷோபாவின் செய்தி: 'அம்மா?' அவ்வளவுதான். 'வீட்டுக்கு வந்து பேசறேன்' என்று அனுப்பினேன். என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. நல்லவன். நல்லவனாக இருந்தால் போதுமா?

நவம்பர் 23, ஞாயிறு. கிள்ளான்

இளங்கோவன் கேட்டார், மாப்பிள்ளை எப்படி என்று. தூங்குகிற மாதிரி இருந்துவிட்டேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஒரு வாரமாகக் கண்டதையும் படிக்கிறேன். டாக்டர் எழுதியது, டாக்டர் இல்லாதவர் எழுதியது எல்லாம். அடுப்பு. மாடிப்படி. பச்சைக் குழந்தையைக் கையில் வைத்திருக்கும்போது வந்தால்? எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எப்படியும் எழுதத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

டிசம்பர் 6, சனி

ஷோபா கோலாலம்பூரிலிருந்து வந்தாள். இரண்டு வாரமாகச் சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு சரி. இன்று துணி மடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "உனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கும்மா" என்றாள். "தினம் ஒம்போது மணிக்கு இருக்கும்."

பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"இனிமே என்கிட்ட மறைச்சே, காலை உடைச்சிடுவேன்" என்றேன். அவள் போர்வையின் அந்த முனையைப் பிடித்தாள். மடித்து முடித்தோம்.

டிசம்பர் 9, செவ்வாய்

இளங்கோவனிடம் முழுவதும் சொன்னேன், அக்டோபர் மூன்றாம் தேதியையும் சேர்த்து. "நீயே நம்பிட்டியா?" என்றார். "ஆள நம்பறேன். வியாதிய நம்பல" என்றேன்.

ஜனவரி 10, சனி

நாளைக்கு ஹைதராபாத்திலிருந்து மூன்று பேரும் வருகிறார்கள், நிச்சயதார்த்தத்துக்கு.

விருந்தினர் அறையில் தலையணை உறை மாற்றி, ஜன்னல் துடைத்து, குளியலறைக்கு வந்தேன். கதவைச் சாத்தி, உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். கெட்டியாக விழுந்தது. வெளியே இருந்து யாராலும் திறக்க முடியாது.

ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்து நானே கழற்றினேன். பழைய திருகாணி, ஒன்று லேசில் வரவில்லை. இளங்கோவன் வந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் கழட்டறே? சம்பந்தி வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்றார்.

"மாப்பிள்ளைக்கு உள்ள எதுனா ஆச்சுன்னா கதவ உடைச்சிக்கிட்டு நிப்பீங்களா?" என்றேன். "அந்தக் கடைசித் திருகாணி வரல, தாழ்ப்பாளக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க."